மெக்கானிக்கலா, இண்டஸ்ட்ரியலா? இந்த மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்

பல்சக்கரம் எழுதியது:

வணக்கம். எங்கள் கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டும் எல்லாருக்கும் பொதுப் பாடம். மூன்றாம் ஆண்டில் மெக்கானிக்கல், இண்டஸ்ட்ரியல் இரண்டில் ஒன்றை எடுத்தாக வேண்டும். தெர்மோடைனமிக்ஸும் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் எனக்குப் பிடிக்கும், ஆனால் மதிப்பெண் சுமார்தான். புள்ளியியல் நன்றாக வருகிறது. சீனியர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மெக்கானிக்கல் எடுத்தால் எங்கும் போகலாம் என்கிறார் ஒருவர். இண்டஸ்ட்ரியல் எல்லாம் ஒரு என்ஜினியரிங்கா, கையில் ஸ்டாப் வாட்சோடு அடுத்தவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். மூன்றாவது ஆள், எதைப் படித்தாலும் கடைசியில் சாஃப்ட்வேருக்குத்தான் போகப் போகிறாய், அப்புறம் எதை எடுத்தால் என்ன என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை.

உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள். ஒரு சாதாரண நாளில் உண்மையில் என்ன செய்கிறீர்கள்? வேலை விளம்பரத்தில் எழுதியிருப்பது வேண்டாம், எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது.

டூல்ரூம் எழுதியது:

தம்பி, 22 வருடமாக டை, ஜிக், ஃபிக்ஸ்சர் (உலோகத்தை வடிவாக்கும் அச்சும், வேலை செய்யும்போது துண்டைப் பிடித்து வைக்கும் கருவிகளும்) வடிவமைப்பில் இருக்கிறேன். நேற்று என்ன செய்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

காலையில் ஒரு டிராயிங் கைக்கு வந்தது. அதில் ஒரு துளைக்கு யாரோ ±0.01 மில்லிமீட்டர் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்கிற வரம்பு) போட்டிருந்தார்கள். அந்தத் துளை வழியாக ஒரு போல்ட் நுழைகிறது, வேறு எந்த வேலையும் அதற்கு இல்லை. ±0.2 போட்டிருந்தால் சாதாரண டிரில்லில் முடிந்துவிடும். ±0.01 என்றால் ரீமிங்கோ போரிங்கோ செய்ய வேண்டும், அளப்பதற்குத் தனி கேஜ் வேண்டும், பாதித் துண்டுகள் ரிஜெக்ட் ஆகும். போட்டவரைக் கூப்பிட்டுக் கேட்டேன், பழைய டிராயிங்கில் அப்படித்தான் இருந்தது என்றார். வடிவமைப்பு வேலையில் பெரும்பகுதி இதுதான்: ஒரு எண் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பது.

மத்தியானம் வேறு ஒரு சிக்கல். ஐந்து துண்டுகளை வரிசையாக அடுக்கிப் பூட்டுகிற ஒரு அசெம்பிளி, ஒவ்வொன்றும் ±0.1. எல்லாமே ஒரே பக்கம் தவறினால் மொத்தம் ±0.5 வரும். ஆனால் ஐந்தும் ஒன்றாக ஒரே பக்கம் தவறுவது அபூர்வம், ஆகவே வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ±0.22தான் வருகிறது. எந்தக் கணக்கை நம்புவது? தவறினால் ஆளுக்கு அடிபடும் இடம் என்றால் 0.5. ஆயிரக்கணக்கில் செய்து, பொருந்தாத ஒன்றிரண்டை எடுத்து ஓரமாக வைக்க முடியும் என்றால் 0.22. புள்ளியியல் நன்றாக வரும் என்கிறாய், அது மெக்கானிக்கலில் வீணாகும் என்று நினைத்துவிடாதே.

ஆரம்பத்தில் நான் செய்த ஒரு தவறையும் சொல்கிறேன். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு ஷாஃப்ட் (சுழலும் தண்டு), கிரைண்டிங்கிலிருந்து இறங்கிய சூட்டோடு அளந்தேன். 0.02 அதிகம் காட்டியது. மறுபடி ஏற்றி கிரைண்ட் பண்ணச் சொன்னேன். சாயங்காலம் ஆறியபின் அளந்தால் அளவுக்குக் கீழே போய்விட்டது. எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.012 மில்லிமீட்டர் நீளும். 25 டிகிரி கூடுதல் சூட்டில் அந்த விட்டம் 0.02க்குச் சற்று மேலேயே பெருத்திருக்கும், நான் பிடிக்க வேண்டிய டாலரன்ஸோ மொத்தமே 0.019. அளவுகளை 20 டிகிரி செல்சியஸில் எடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும், தேர்வுக்குப் படித்து மறந்திருந்தேன். அந்த ஷாஃப்டை இரண்டு நாள் உழைத்து லேத்தில் கடைந்து கொடுத்த பெரியவரிடம் போய்ச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

நேரக்கணக்கு எழுதியது:

அந்த ஸ்டாப் வாட்ச் பேச்சுக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். இண்டஸ்ட்ரியலில் 14 வருடமாக இருக்கும் பெண் நான். ஸ்டாப் வாட்ச் என் மேசை டிராயரில் இருக்கிறது, வருடத்துக்கு நாலைந்து முறை எடுப்பேன். மீதி நாளெல்லாம் நான் பார்ப்பது ஆளை அல்ல தம்பி, காத்திருக்கிற பொருளை.

ஓர் இடத்தில் இருந்தபோது ஆர்டர் எல்லாம் தாமதம், ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ் (உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் உலை) இன்னொன்று வாங்கியே தீர வேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் ஒரு துண்டில் பெயிண்ட்டால் புள்ளி வைத்து, அது உள்ளே வந்த நேரத்திலிருந்து வெளியே போகும்வரை பின்னாலேயே போனேன். 9 நாள். அதில் யாராவது அதன்மீது கை வைத்த நேரம், மெஷினுக்குள் இருந்த நேரம், ஃபர்னஸில் இருந்த நேரம் எல்லாம் சேர்த்து 7 மணி நேரம்கூட வரவில்லை. மீதியெல்லாம் டிராலியில் உட்கார்ந்திருந்தது. ஃபர்னஸ் நிரம்பட்டும் என்று காத்திருந்தார்கள், நிரப்புவதற்காக முந்தைய மெஷினில் பெரிய பெரிய பேட்ச்சாக ஓட்டினார்கள், பெரிய பேட்ச் ஓட்டியதால் அவசரமாக வேண்டிய துண்டு வரிசையின் பின்னால் மாட்டிக்கொண்டது. பேட்ச்சைப் பாதியாக்கினோம். செட்டிங் மாற்றும் நேரத்தைக் குறைக்கத்தான் அதிகம் பாடுபட்டோம், ஏனென்றால் அது குறையாமல் சின்ன பேட்ச் என்று பேசவே முடியாது. ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் டை மாற்றுவதை 10 நிமிடத்துக்குள் கொண்டுவருவதையே ஒரு முறையாக வளர்த்தார். மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியதை முன்கூட்டியே செய்துவை, நின்றபின் செய்தே ஆக வேண்டியதை மட்டும் நிறுத்திச் செய், அடிப்படை அவ்வளவுதான். கடைசியில் ஃபர்னஸ் வாங்கவில்லை.

இதற்குப் பின்னால் கணக்கும் உண்டு. லைனுக்குள் 600 துண்டு கிடக்கிறது, ஒரு நாளைக்கு 50 வெளியே போகிறது என்றால் இன்று உள்ளே வருவது வெளியேற 12 நாள் ஆகும். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்துக் காட்டிய விதி இது. பார்த்தால் சின்னப் பிள்ளைக் கணக்கு, ஆனால் ஆட்களை விரட்டினால் சீக்கிரம் முடியும் என்று நம்புகிற மேனேஜர் முன்னால் இந்த மூன்று எண்களை எழுதிக் காட்டுங்கள், பேச்சே மாறிவிடும்.

இன்னொன்று. வேலைகள் சீரில்லாமல் வந்து சேரும் ஒரு மெஷினை 80 சதவீதம் நிரப்பினால், சராசரிக் காத்திருப்பு ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைப் போல 4 மடங்கு. 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19 மடங்கு. எளிமையான வரிசைக் கோட்பாட்டில் வருகிற எண்கள்தான், நிஜத்தில் கொஞ்சம் மாறும், ஆனால் போக்கு மாறாது. மெஷின் சும்மா நிற்கக் கூடாது என்பது பொறுப்பான பேச்சு மாதிரித் தோன்றும், ஆர்டர்களைத் தாமதப்படுத்துவதே அதுதான்.

எண்ணெய்க்கை எழுதியது:

அக்கா சொன்ன கடைசி வரியை பிரிண்ட் எடுத்து எங்கள் ஆபீஸில் ஒட்டப் போகிறேன். நான் மெயின்டனன்ஸ். 95 சதவீதம் ஓட்டுகிற இடத்தில் கிரீஸ் அடிக்கக்கூட மெஷினை நிறுத்தித் தர மாட்டார்கள், அப்புறம் அதுவாகவே நிற்கும்போது ராத்திரி 2 மணிக்கு எனக்கு போன் வரும்.

தம்பி, ஒரு பம்ப்பில் பேரிங் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் நாலு முறை மாற்றியிருந்தார்கள், பேரிங் கம்பெனியை மாற்றினார்கள், கிரீஸை மாற்றினார்கள். நான் பைப்பைப் பம்ப்போடு இணைக்கும் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைத் தளர்த்தினேன். பைப் ஒரு பக்கமாக 6 மில்லிமீட்டர் துள்ளியது. பைப்பை இழுத்துப் பிடித்துப் பூட்டியிருந்தார்கள், அந்த இழுவை முழுவதும் பம்ப் மேல் ஏறி அலைன்மென்ட்டைக் கெடுத்து பேரிங்கில் போய் உட்கார்ந்தது. பால் பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்குதான். எனக்கும் அது ஃபார்முலாவாகத் தெரியும், பைப் துள்ளியதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பைப்புக்கு சப்போர்ட் போட்டோம், அதன்பின் நான் அங்கே இருந்தவரை அந்த பேரிங்கை மாற்றவில்லை.

என் கருத்து இதுதான்: எதை வேண்டுமானாலும் எடு, முதல் இரண்டு வருடம் மெஷின் பக்கத்தில் நின்று வேலை செய். கம்ப்யூட்டர் முன்னாலேயே தொடங்குகிறவர்களுக்கு ஸ்பானர் நுழைய இடம் வேண்டும் என்பதுகூடத் தெரிவதில்லை. போல்ட் இருக்கும், அதைத் திருப்ப வழி இருக்காது.

கஷ்டமும் சொல்லிவிடுகிறேன். ஷிஃப்ட் உடம்பைக் கெடுக்கும். பண்டிகை நாளில் ஆலை மூடினால்தான் எங்களுக்குப் பெரிய வேலையே தொடங்கும், வீட்டில் எல்லாரும் சேர்ந்திருக்கும்போது நான் இருக்க மாட்டேன்.

மெஷ் எழுதியது:

எண்ணெய்க்கை சொல்வதைப் பாதி ஏற்கிறேன். நான் 9 வருடமாக எஃப்.இ.ஏ., அதாவது உதிரியைக் கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து எங்கே எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று கணக்கிடுகிற வேலை. ஒருநாள்கூட ஷிஃப்டில் நின்றதில்லை. என்னிடம் குறை இருக்கலாம், ஆனால் எல்லாருக்கும் அந்தப் பாதை திறந்திருப்பதில்லை. உடல்நிலை, வீட்டுச் சூழல், ராத்திரி ஷிஃப்டுக்குப் பெண்களை எடுக்கத் தயங்கும் இடங்கள் என்று எத்தனையோ இருக்கின்றன. ஷாப் ஃப்ளோரில் நிற்காதவர் என்ஜினியரே இல்லை என்கிற பேச்சைக் கேட்டுக் கேட்டு இரண்டு நல்ல சக ஊழியர்கள் இந்தத் துறையையே விட்டுப் போனார்கள்.

ஆனால் கம்ப்யூட்டர் சொன்னதை அப்படியே நம்புகிறவர் ஆபத்தானவர், அதில் எனக்கும் அவருக்கும் ஒரே கருத்து. புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் செய்கிற ஒரு தவறு இருக்கிறது. உள்மூலை ஒன்று ரேடியஸே இல்லாமல் கூர்மையாக வரையப்பட்டிருக்கும். அங்கே அழுத்தம் 400 மெகாபாஸ்கல் காட்டும். இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம் என்று மெஷ்ஷை, அதாவது அந்தக் கட்டங்களை, பொடியாக்குவார்கள், 600 ஆகும். இன்னும் பொடியாக்கினால் 900. துல்லியம் கூடுகிறது என்று நினைப்பார்கள். ரேடியஸ் பூஜ்யமாக இருக்கிற மூலையில் அந்த எண் ஏறிக்கொண்டேதான் போகும், அதற்கு முடிவே கிடையாது. அந்த மாடல் அந்த இடத்தில் உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. நான் ஜூனியர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று, சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன் பேப்பரில் ஒரு பீம் கணக்குப் போட்டு பதில் சுமாராக எவ்வளவு வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. பத்து மடங்கு வித்தியாசம் வந்தால் இரண்டில் ஒன்று தவறு. பெரும்பாலும் எங்கே பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று மாடலில் சொன்னது தவறாக இருக்கும்.

மெட்டல் ஃபட்டீக், அதாவது திரும்பத் திரும்ப வரும் சுமையில் உலோகம் களைத்து உடைவது பற்றியும் ஒரு வார்த்தை, உனக்கு ஸ்ட்ரென்த் பிடிக்கும் என்பதால். ஜெர்மனியில் வூலர் என்ற பொறியாளர் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ரயில் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுமையேற்றிச் சோதித்து, ஒருமுறை தாங்குகிற சுமையைப் பல லட்சம் முறை தாங்காது என்று காட்டினார். அப்படித் தெரிந்திருந்தும் 1954இல் கோமெட் ஜெட் விமானங்கள் இரண்டு வானில் உடைந்து விழுந்தன. கேபினைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தபோதுதான் விரிசல் எங்கே தொடங்கியது என்று தெரிந்தது. அந்த அறிக்கையைப் படித்த நாளிலிருந்து ஒரு ஃபில்லெட்டின் (மூலையில் விடும் வளைவின்) ரேடியஸை நான் அலட்சியமாக விட்டதில்லை.

எண்ணெய்க்கை எழுதியது:

மெஷ், நீங்கள் சொன்னது சரி, நான் அப்படிப் பொதுவாக எழுதியிருக்கக் கூடாது. வடிவமைக்கிறவர் ஒரு தடவையாவது தன் உதிரி உடைந்து வந்ததைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும், நான் கேட்பது அவ்வளவுதான். அதற்கு ஷிஃப்ட் வேண்டாம், ஒரு மத்தியானம் போதும்.

திரும்பியவன் எழுதியது:

சாஃப்ட்வேர் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அந்தத் தம்பிக்குத் தூக்கம் வராதது அதனால்தான். மெக்கானிக்கல் முடித்து 4 வருடம் சாஃப்ட்வேர் கோடு எழுதினேன். கேவலமான வேலை ஒன்றும் இல்லை அது, சம்பளம் நன்றாக இருந்தது, நல்ல மனிதர்கள். நான் போனதற்குக் காரணம் பிடித்துப் போனது அல்ல, பயம். பயத்தில் போனதால் அங்கேயும் ஒன்றும் ஆழமாகக் கற்கவில்லை.

இப்போது கிடங்கு வடிவமைக்கிற இடத்தில் இருக்கிறேன். எத்தனை கன்வேயர், எத்தனை ஃபோர்க்லிஃப்ட், எங்கே நெரிசல் வரும் என்று கட்டுவதற்கு முன்பே சிமுலேஷனில் ஓட்டிப் பார்க்கிற வேலை. இதில் நான் எழுதுவதும் கோடுதான். ஆகவே இரண்டுக்கும் நடுவில் சுவர் இருக்கிற மாதிரி யோசிக்காதே. வைப்ரேஷன் சென்சார் அனுப்புகிற டேட்டாவைப் படித்து எது பேரிங் சத்தம், எது பல் சக்கரச் சத்தம் என்று பிரிக்க இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும், அப்படிப்பட்டவர்களைத் தேடிக்கொண்டே இருக்கிறோம். பைதான் கற்றுக்கொள். தொடக்கச் சம்பளம் சாஃப்ட்வேரைவிடக் குறைவாக இருக்கலாம், எனக்கு அப்படித்தான் இருந்தது, திரும்பி வந்தபோது குறைத்துக்கொண்டுதான் வந்தேன். வீட்டில் அதைச் சொல்லிப் புரியவைக்க ஆறு மாதம் ஆனது.

பல்சக்கரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். நேரக்கணக்கு அக்காவிடம் ஒரு கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் அப்பா பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராக இருந்தவர். டைம் ஸ்டடி எடுக்க, அதாவது ஸ்டாப் வாட்சில் வேலை நேரத்தை அளக்க, யாராவது வந்தால் அன்று வீட்டுக்குக் கோபமாகத்தான் வருவார். அந்தப் பக்கம் போய் நிற்க எனக்கு மனம் வருமா என்று தெரியவில்லை.

நேரக்கணக்கு எழுதியது:

தவறாக எடுத்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது. உன் அப்பாவின் கோபத்துக்குக் காரணம் உண்டு. இந்தத் துறையின் பிறப்பிலேயே அந்தக் காயம் இருக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் தன் அறிவியல் மேலாண்மைக் கொள்கைகளைப் புத்தகமாக வெளியிட்டது 1911இல். அதே ஆண்டு அமெரிக்காவில் வாட்டர்டவுன் ஆயுதச்சாலையில் ஸ்டாப் வாட்சோடு ஆள் வந்து நின்றதும் வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். விசாரணை அமெரிக்க நாடாளுமன்றம்வரை போனது. ஆளிடம் கேட்காமல் அவர் வேலையை அளந்து, மிச்சப்பட்ட நேரத்தை அவர் தலையிலேயே கூடுதல் இலக்காகக் கட்டினால் கோபம்தான் வரும்.

ஆனால் அதே காலத்தில் ஃபிராங்க் கில்பிரெத் செங்கல் கட்டுவதைப் பார்த்து ஒரு கல்லுக்கு 18 அசைவை 5 ஆக்கினார். கொத்தனாரை வேகமாகக் கையை ஆட்டச் சொல்லவில்லை. குனிந்து குனிந்து கல் எடுக்காதபடி உயரத்தை மாற்றிக்கொள்ளும் சாரம் அமைத்தார். அவர் மனைவி லில்லியன் உளவியல் படித்து முனைவர் பட்டம் பெற்றவர், களைப்பு என்பதை ஒரு பொறியியல் சிக்கலாக எடுத்துக்கொண்டவர். நான் என்னை அவர்கள் வழியில் வந்தவளாகவே நினைக்கிறேன்.

ஒரு கணக்கு சொல்கிறேன், உன் அப்பாவிடமும் காட்டு. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நலத்தை ஆராயும் நையாஷ் அமைப்பின் சமன்பாட்டில், எல்லாம் வசதியாக இருக்கும் நிலையில் இரு கையால் தூக்க வரம்பு 23 கிலோ. பாரம் உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் அது. 50 சென்டிமீட்டர் எட்டித் தூக்கினால் வரம்பு பாதியாகி 11.5 கிலோவுக்கு வந்துவிடும். ஒரு லைனில் 14 கிலோ பெட்டி, 23க்குக் கீழேதானே இருக்கிறது என்று எல்லாரும் சும்மா இருந்தார்கள். பெட்டி ரேக்கின் உட்பக்கம் இருந்தது. நாங்கள் சாய்வாக ரோலர் வைத்து பெட்டி தானாக முன்னால் வந்து நிற்கும்படி செய்தோம். நேரமும் குறைந்தது, ஆனால் எனக்கு முக்கியம், அங்கே இருந்த ஒரு அம்மா இடுப்புப் பட்டை கட்டுவதை நிறுத்தினார்.

அளக்கப் போனால் முதல் நாளே எதற்காக அளக்கிறேன், இந்த எண் எங்கே போகும் என்று சொல்லிவிடுவேன். அதைச் சொல்ல அனுமதிக்காத இடத்தில் ஒருமுறை வேலையை விட்டிருக்கிறேன். பிரஸ் ஷாப் ஆபரேட்டரின் பிள்ளை இந்தப் பக்கம் வர வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

டூல்ரூம் எழுதியது:

அம்மா எழுதியதை மதிக்கிறேன். இருந்தாலும் என் அபிப்பிராயம், மெக்கானிக்கல் எடுத்துவிட்டு இண்டஸ்ட்ரியலைப் பின்னால் கற்றுக்கொள்ளலாம், தலைகீழாகக் கடினம்.

நேரக்கணக்கு எழுதியது:

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் சார், நான் ஏற்கவில்லை. பின்னால் கற்றுக்கொண்ட மெக்கானிக்கல்காரர்கள் பலர் சராசரியை வைத்தே திட்டம் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். சராசரி 10 நிமிட வேலை, ஆகவே மணிக்கு 6 என்று எழுதுவார்கள். ஒருநாள் 7 நிமிடம், ஒருநாள் 16 நிமிடம் என்று வருகிற ஏற்ற இறக்கம் வரிசையை எவ்வளவு நீட்டும் என்பது கண்ணில் படாது. அதற்கும் இளம் வயதிலேயே பழக்கம் வேண்டும். இரண்டும் அப்படித்தான்.

தம்பி, இப்படிச் செய். உன் கல்லூரி வொர்க்‌ஷாப்பில் ஒரு மத்தியானம், எண்ணெய்க்கை சொன்ன மாதிரி, உடைந்த உதிரி ஒன்றை எடுத்து உடைந்த முகத்தைப் பார். இன்னொரு மத்தியானம் ஒரு துண்டின் பின்னாலேயே போய் அது எங்கெங்கே எவ்வளவு நேரம் கிடந்தது என்று எழுது. இரண்டையும் செய்துவிட்டு வந்து சொல்.

பல்சக்கரம் எழுதியது:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். இரண்டையும் செய்தேன்.

ஸ்க்ராப் பெட்டியில் ஒரு ஷாஃப்ட் கிடைத்தது, சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டும் சின்னக் கட்டை உட்காரும் கீவே பள்ளத்தின் முனையில் உடைந்திருந்தது. உடைந்த முகத்தில் ஒரு மூலையிலிருந்து அலை அலையாகக் கோடுகள், கடைசியில் ஒரு சின்னப் பகுதி மட்டும் சொரசொரப்பாக. படத்தில் பார்த்ததேதான், கையில் பிடித்துப் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது, எத்தனை நாளாக அது மெல்ல மெல்லப் பிளந்துகொண்டிருந்தது என்று தோன்றியது. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நான் செய்ததைக் கவனித்தேன். வொர்க்‌ஷாப் பொறுப்பாளரிடம் போய், இந்த மாதிரி எத்தனை உடைந்தது, அலமாரியில் இதே ஷாஃப்ட் ஏன் 11 கிடக்கிறது, பக்கத்து மெஷினின் பெல்ட் மட்டும் ஏன் ஒன்றுகூட இல்லை, எப்போது வாங்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இருட்டிவிட்டது, அவர் கதவைப் பூட்ட வேண்டும் என்றார்.

இண்டஸ்ட்ரியல் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மெஷின் டிசைனை விருப்பப் பாடமாக எடுக்கிறேன். அப்பாவிடம் 11.5 கிலோ கணக்கைக் காட்டினேன், பேப்பரை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

டூல்ரூம் எழுதியது:

சரி தம்பி, நல்ல முடிவுதான், உன் கேள்விகளைப் பார்த்தால் தெரிகிறது. அந்தக் கீவே மூலையில் ரேடியஸ் எவ்வளவு இருந்தது, அளந்தாயா?

பல்சக்கரம் எழுதியது:

அளக்கவில்லை சார். ஷாஃப்ட் என் அறையில்தான் இருக்கிறது, நாளைக்கு ரேடியஸ் கேஜ் கேட்டு வாங்கி அளந்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.